இரண்டு குமிழும் அடைத்து

நான் நல்ல டிஜே. இதைச் சொல்ல எனக்கு யார் சிபாரிசும் வேண்டாம். காலையில் பல் கட்டும் லேபில் வேலை. நான் செய்த பல்லை மாட்டிக்கொண்டவர் நாக்கால் துழாவினாலும் எது அவர் பல், எது என் பல் என்று கண்டுபிடிக்க முடியாது. பாட்டோடு பாட்டைச் சேர்ப்பதிலும் எனக்கு அதே பிடிவாதம்தான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. நானும் ஏகப்பட்ட அலப்பறை செய்தவள்தான். ஒரு பாட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்ததைத் தள்ளுவேன். நடுவில் சைரன், கண்ணாடி உடைகிற சத்தம், இன்னும் என்னென்னவோ. கூரையைப் பிய்க்கிற டிரான்ஸ் வகைப் பாட்டுதான் அப்போது எனக்கு இசை. மற்றதெல்லாம் கொட்டாவி.

கல்யாணமானதும் கதை மாறியது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் நைட் டியூட்டி. மதியம் நான் லேபிலிருந்து வரும்போது பக்கத்து அறையில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டுச் சுவர் பெயருக்குத்தான் சுவர். அடியில் தடதடக்கிற பேஸ் கொஞ்சம் அடித்தாலும் அவர் கட்டில் ஆடும். ஹெட்போனிலேயே எல்லாவற்றையும் கலந்தால் காற்றில் அது எப்படி ஒலிக்கும் என்று தெரியாது. அதனால் ஸ்பீக்கரைச் சின்னதாக வைத்து, பாட்டைக் கலக்கும் மிக்சரில், பாட்டுக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பேஸ் குமிழையும் முழுக்கத் திருகி அடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

அடியில் தடதடப்பு இல்லையென்றால் மேலே இருப்பதெல்லாம் காதில் விழ ஆரம்பிக்கும். பாட்டுக்குள் கைத்தட்டல் ஒன்று மயிரிழை தள்ளி விழுவது, ஒரு மணிச்சத்தம் மெல்லப் பழுப்பது. கொட்டாவி என்று ஒதுக்கிய பாட்டுகளை நானே தேடிப் போனேன். நாலே நாலு சத்தத்தை வைத்துக்கொண்டு நிதானமாக நடக்கிற ஹவுஸ் என்கிற வகை, அதைவிடச் சிக்கனமான டெக்னோ வகை. இரண்டு பாட்டை நெடுநேரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, முதலாவது எப்போது போனது என்றே தெரியாமல் அனுப்பி வைப்பேன். இதைக் கேட்க ஆள் வேண்டாமா?

எங்கள் ஊரில் நடனக்கூடம் நடத்துகிற மேடத்துக்கு ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு நிரந்தரமாக ஒரு டிஜே தேவைப்பட்டது. போன வாரம் 'மின்னல்' என்கிற பையன் பாட்டுப் போட்டுக் காட்டினான். சரியான சைரன் பார்ட்டி. இந்த வாரம் என் முறை. யார் பாட்டுக்குக் கூட்டம் கலையாமல் ஆடுகிறதோ அவருக்கே அந்த இடம். எனக்கு அது வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைச்சல், வெறி.

அன்றைக்குத் தூக்கத்தை விட்டுவிட்டு வீட்டுக்காரரும் வந்தார். ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ஆரம்பித்தேன். கை சுத்தமாக இருந்தது. ஆனால் ஆடுகிறவர்கள் ஆடவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி லேசாக அசைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். மின்னல் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். மேடம் ஸ்பீக்கர் பின்னால் குனிந்து ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை நோக்கி வந்தார்.

என்ன ஆச்சு என்று எனக்குப் புரியவே இல்லை. திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அத்தனை பெரிய ஸ்பீக்கர் காதோரம் இருக்க, மனிதர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்! அவர் அப்படித் தூங்குவது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான்.

குனிந்து பார்த்தேன். இரண்டு குமிழும் அடைத்திருந்தன. உட்கார்ந்ததுமே கை தானாகத் திருகியிருக்கிறது, கதவைப் பூட்டுகிற மாதிரி.

"என்னங்க, ஸ்பீக்கர் போயிடுச்சா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். கொஞ்சம் பொறுங்க."

மின்னலாக இருந்தால் அந்த நொடியே திறந்திருப்பான். நான் திறக்கவில்லை. அடுத்த பாட்டை உள்ளே விட்டேன். மணிச்சத்தம் பழுத்தது, கைத்தட்டல் நெருங்கியது. தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு மூச்சை இழுத்துப் பிடிக்கிற இடம் வந்ததும் குமிழைத் திறந்தேன்.

தரை அதிர்ந்தது. கூடம் மொத்தமும் ஒரே கத்தல். வீட்டுக்காரர் நோயாளி மணி அடித்த மாதிரி துள்ளி எழுந்தார். அதற்குப் பிறகு கடைசிப் பாட்டு வரை ஒருத்தரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

"அடுத்த ஞாயிறும் வந்துடுங்க, இனிமே இது உங்க இடம்தான்" என்றார் மேடம். "அந்த ஆரம்பத்தை மட்டும் மாத்திடாதீங்க. எவ்ளோ தைரியம் உங்களுக்கு!"

"ஆமா மேடம்" என்றேன், கூசாமல்.

வீட்டுக்காரரும் நானும் வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "அடியில இவ்ளோ இருந்துச்சா? நான் தூங்கணும்னு இத்தனை வருஷமா அடைச்சே வச்சிருந்தியா?"

"நீங்க தூங்கினதாலதான் நான் இதைக் கத்துக்கிட்டேன்" என்றேன்.

மறுநாள் மதியம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னைக்கு அதைத் திறந்து வை. நான் பழகிக்கிறேன்."

திறந்தேன். அலமாரிப் பாத்திரமெல்லாம் கிடுகிடுத்தது. கட்டிலில் அவர் புரள்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி குரல்.

"தூக்கம் வரலம்மா. பழைய மாதிரியே போடேன்."

அடைத்தேன். அடுத்த பாட்டைக் கலந்து முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. தாளம் தப்பாமல்தான்.