சிவப்பு விழுந்த வரி

கேதீஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சுகாதார அதிகாரியாக வந்தவர். 2009இல், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குக் கம்ப்யூட்டர் கிடைத்ததும், குழந்தைகளின் எடையைப் பதிய எக்செல்லில் அவரே ஒரு பக்கம் செய்து கொடுத்தார். வரிக்கு ஒரு குழந்தை. போன மாத எடையைவிட இந்த மாத எடை குறைந்தால் அந்த வரி தானாகச் சிவக்கும். சிவந்த குழந்தையின் வீட்டுக்கு அன்றே ஆள் போகும். ஹட்டனில் நடக்கும் சுகாதார அதிகாரிகள் கூட்டத்தில் அதைக் கேட்டு வாங்கிப் போன தோட்டங்கள் நான்கு. கேதீஸ்வரிக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இரண்டாவது மாதமே, கொழுந்து பறிக்கும் லெட்சுமி மகன் லோஜனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எம் புள்ள எளைச்சிருச்சுன்னு லயத்து வீட்டுக்கே ஆள் வந்துட்டாங்க மிஸ். இவனத் தூக்கிக்கிட்டு நடந்தா எனக்கு மூச்சு வாங்குது."

"கம்ப்யூட்டர் பிழை விடாது, லெட்சுமி. எதுக்கும் ஒருக்கா நிறுத்துப் பாப்பம்" என்றார் கேதீஸ்வரி.

லோஜன் போன மாதத்தைவிட முந்நூறு கிராம் கூடியிருந்தான்.

எடைகளைப் பதிவது காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் சுதர்ஷினி. கொழுந்து பறித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"எடை சரியாத்தான் இருக்கு மிஸ். கலருதான் ஆள் மாறி விழுந்திருக்கு."

நிற விதிகள் இருக்கும் பெட்டியைத் திறந்தாள். "இங்க பாருங்க. கலர் போடுற எடம் மூணாவது வரியில ஆரம்பிக்குது. விதி பார்க்குறது ரெண்டாவது வரி எடைய. அப்ப ரெண்டாவது வரிப் புள்ள எளைச்சா மூணாவது வரிப் புள்ள சிவக்கும். கடைசி வரைக்கும் இப்படியேதான். அதோட அறுபதாவது வரியில நின்னுடுது. நம்மகிட்ட எழுபத்தி நாலு புள்ளைங்க."

கேதீஸ்வரி திரையருகே குனிந்தார். அந்த விதியை எழுதியது அவர் கைதான். லோஜனுக்கு மேல் வரியில் இருந்தது நல்லமுத்துவின் மகள் கவிதா. அவள் பெயர் வெள்ளையாகவே கிடந்தது.

"திருத்தும், சுதர்ஷினி. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இரண்டாம் வரி முதல் முந்நூறாம் வரி வரை என்று மாற்றிவிட்டுச் சுதர்ஷினி பொத்தானை அழுத்தினாள். லோஜனின் வரி வெளுத்தது. கவிதாவின் வரி சிவந்தது. அறுபதுக்குக் கீழே, புதிதாகச் சேர்ந்தவர்களில் இன்னொரு வரியும் சிவந்தது.

இருவரும் உடனே லயத்துக்கு ஏறினார்கள். கவிதாவுக்குப் பத்து நாளாக வயிற்றோட்டம். பல் முளைப்பதால்தான் என்று வீட்டார் மருந்தெடுக்காமல் விட்டிருந்தார்கள். கண் குழிந்து, அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள். தோட்ட வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மற்றக் குழந்தைக்குச் சளிதான், மருந்தோடு சரியானது. கவிதா மூன்றாம் வாரம் காம்பராவுக்குத் திரும்பி வந்து பருப்புச் சோற்றுக்கு அடம்பிடித்தாள்.

அன்று லயத்திலிருந்து இறங்கி வரும்போதே கேதீஸ்வரி கேட்டிருந்தார்: "அந்தப் பெட்டிக்குள்ள பாக்க வேணுமெண்டு உமக்கு எப்பிடித் தோன்றினது?"

"தெனமும் லோஜன தூக்குறேன்ல மிஸ். அவன் எளைக்கலன்னு கைக்குத் தெரியும். அப்ப தப்பு வேற எங்கயோதான இருக்கணும்."

தான் படித்த பட்டத்தில் இந்த நிதானம் இல்லையே என்று கேதீஸ்வரி நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததில் வருத்தம் குறைவு, வியப்புத்தான் அதிகம்.

அடுத்த ஹட்டன் கூட்டத்துக்குச் சுதர்ஷினியையும் கூட்டிப்போனார். அதிகாரிகள் முன்னால் எழுந்து, "நான் தந்த பக்கத்தில பிழை இருக்கு. நான் விட்ட பிழை. கண்டுபிடிச்சவ இவ. இவவே காட்டட்டும்" என்றார்.

சுதர்ஷினி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அதிகாரிகள் கொண்டுவந்திருந்த நான்கு தோட்டங்களின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினாள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு இடம் மாறியது. கந்தப்பளையிலிருந்து வந்திருந்த அதிகாரி பேனாவை எடுத்து, புதிதாகச் சிவந்த பெயர்களை எழுதத் தொடங்கினார்.