பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஈஜிபுராவில் மாடி வீட்டு ஜூலியாவிடம் கேட்டு வாங்கியது. அவள் என் குக்கரை வாங்கிப் போவாள், நான் அவள் கதைகளை.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: ‘கணினியின் இருண்ட கருவறைக்குள் ஓர் அலறல்…’

“அண்ணா, கருவறையெல்லாம் வேணாம். அது பேரு கர்னல், அவ்ளோதான்” என்றாள். அடித்துவிட்டேன்.

2

மூச்சுக்கருவி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. கருவிக்குள் இருக்கும் கணினியின் அடிப்படை நிரல்தான் கர்னல். அங்கே ஒரு விதி: பூட்டைப் பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாது. (நிரலுக்குப் பூட்டு என்றால், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் உள்ளே விடும் தாழ்ப்பாள். தூக்கம் என்றால், கேட்டது கிடைக்கும்வரை ஒதுங்கிக் காத்திருப்பது. ஒருவர் கழிப்பறையைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே தூங்கினால் வெளியே நிற்பவர்கள் கதி? இதைவிடக் கண்ணியமான உவமை கிடைக்கவில்லை.) தூங்க வாய்ப்பிருந்தாலே கத்துவதற்கு ஒரு சோதனையும் உண்டு.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கருவியைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள், அது கத்தியது.

3

‘டீம் லீடர் கிஷோரின் கண்களில் வஞ்சகம்…’ இல்லை, வில்லன் வேடம் அவனுக்குப் பொருந்தவில்லை. ஜூலியாவின் அப்பா சொந்த ஊரான கேஜிஎஃப்பில் படுத்த படுக்கையாக இருந்தபோது அவள் வேலையையும் சேர்த்துச் செய்தவன் அவன். சிக்கலே அதுதான். சோதனை காட்டிய வரி, பூட்டைப் பிடித்துக்கொண்டே நினைவகம் கேட்கும் வரி, அப்போது அவள் பெயரில் அவன் எழுதியது.

“வாரம் பூரா ஓடுச்சு, ஒரு தடவகூட நிக்கல. சும்னே, சும்மா கத்துது. செக்க ஆஃப் பண்ணிடு ஜூலியா.”

“தூங்கிடுச்சுன்னு அது சொல்லல கிஷோர். தூங்கலாம்னு சொல்லுது. இப்ப மெமரி தாராளமா இருக்கு. கொறஞ்சா?”

“கொறஞ்சாப் பாத்துக்கலாம்.”

“இப்பவே பாத்துக்கலாம்.”

கருவியை அவன் மேசைக்கே தூக்கி வந்தாள். நினைவகத்தைத் தின்று தீர்க்கும் நிரல் ஒன்றை ஓடவிட்டாள். சோதனைக்கு மாட்டிய ரப்பர் நுரையீரல் ஏறியது, இறங்கியது, ஏறியது, பாதியில் நின்றது. திரை உறைந்துவிட்டது. எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை.

கிஷோர் விரலால் அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தான்.

4

திருத்தம் சின்னது: பூட்டைப் பிடிப்பதற்கு முன்பே நினைவகத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஆனால் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்ட வேண்டும். வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். காரணத்தை டைரக்டர் தனலக்ஷ்மியிடம் யார் சொல்வது?

முடிவு அ: கிஷோர் கண்ணீர் மல்க… (ஜூலியா விழுந்து விழுந்து சிரித்தாள்.)

முடிவு ஆ: பழியை அவள் தலையில்… (“சீ, அவன் அப்படி இல்லண்ணா.”)

நடந்தது இது. இருவரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். “என் தப்பு மேடம்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

“மேடம் என்ன சொன்னாங்க?”

“அது ஆபீஸ் விஷயம்ணா” என்று ஜூலியா குக்கரோடு மாடியேறிவிட்டாள்.

எனக்கு வேறு வழியில்லை. தனலக்ஷ்மியின் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருத்தி எழுதாத வரிக்குத் தலை கொடுக்கிறாள். ஒருவன் எழுதிய வரியைத் திருப்பிக் கேட்கிறான்.

சொல்லுங்க மேடம்.