உள்ளே மைனஸ் மூன்று பேர்

தம்பெரே நகரத்தில் டிராம் ஓட்டும் சைலா வெஸ்தெரினன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உறைந்த ஏரியில் வெட்டிவைத்த குழியில் முங்கிவிட்டு, உடம்பைச் சூடாக்க சவுனா என்னும் நீராவி அறைக்கு ஓடினாள். வாசலில் அங்கியும் செருப்புமாக ஒரு கூட்டம் நின்றது. உள்ளே இடமில்லை. நிற்க நிற்க அவள் தலைமுடி கம்பிபோல் விறைத்துக்கொண்டது.

"உள்ள எத்தன பேருன்னு வீட்டுலயே தெரிஞ்சா இப்படி வந்து நடுங்க வேணாமே? இதுக்கு ஒரு ஆப் இருக்கக் கூடாதா?" என்றாள், பற்கள் தந்தியடிக்க.

குளிர்நீச்சல் சங்கத்தின் தலைவி தெர்த்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "வாய் மட்டும் உறையல பாரு. நீயே செஞ்சு காட்டேன்."

வீம்புக்குத்தான் ஆரம்பித்தாள். கணவன் இல்போவின் பழைய லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளை இறக்கினாள். எழுதியதைச் சோதிக்கத் திரைக்குள்ளேயே ஒரு பொய் போன் எழுந்து வரவேண்டும். அது எழுவதற்குள் காபி ஆறிவிட்டது. லேப்டாப் அடுப்பாய்க் கொதித்தது.

"பாவம், அதுக்கு மூச்சு வாங்குது. விட்டுடு" என்றான் இல்போ.

சரி, சொந்த போனிலேயே சோதிக்கலாம் என்று, இணையப் பாடம் ஒன்றில் சொன்னபடி செட்டிங்ஸில் இருந்த பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினாள். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்றது போன்.

"ஏழு தட்டுக்கே டெவலப்பரா? இன்னும் ரெண்டு தட்டு தட்டு, மேனேஜர் ஆயிடுவ" என்றான் இல்போ.

அன்று அவள் எழுதிய ஆப் திரையில் 'மோய்' என்று ஒரே ஒரு வணக்கம் சொன்னது. மறுநாள் டிராம் பணிமனையில் காபி குடிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் காட்டினாள்.

"இது என்ன செய்யும்?"

"மோய்னு சொல்லும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

சொல்லும்போது அவளுக்குக் கூச்சமே இல்லை. பள்ளியில் கணக்கென்றாலே வயிற்றுவலி வந்தவள் அவள். தான் எழுதிய ஒன்று போனுக்குள் உயிரோடு இருப்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு 'வந்தேன்', 'போனேன்' என்று இரண்டு பொத்தான்கள் வைத்தாள். நடுவில், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை. போனை வாங்கிக்கொண்டு இல்போ சோபாவில் சாய்ந்தான்.

"சைலா, நான் படுத்ததும் எல்லாரும் எழுந்து போயிட்டாங்க!"

பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யம். திரை குறுக்கே திரும்பினால் போன் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. எண்ணைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அது முடிந்ததும் அடுத்த வம்பு. அவள் போனில் ஐந்து பேர், இல்போ போனில் யாருமே இல்லை. எல்லா போன்களும் எட்டிப் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பொது இடத்தில் எண்ணை வைத்த பிறகுதான் இரண்டும் ஒத்துப்போயின.

ஒருவழியாக, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஆப்பை இறக்கிக்கொள்ளும் விவரத்தை ஒட்டினாள். முதல் ஞாயிறே ஆப் காட்டியது: 'உள்ளே மைனஸ் மூன்று பேர்.' வரும்போது தட்ட மறந்தவர்கள், போகும்போது மட்டும் தவறாமல் தட்டியிருந்தார்கள்.

தெர்த்து எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "அப்ப மூணு பேரு உள்ள போனாத்தான் சவுனா காலியாகுமா? எனக்கு விளக்கு பொண்ணே."

சைலாவும் சிரித்தாள். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் முகம் வாடிவிட்டது. இனி யாரும் அந்த ஆப்பை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைத்தாள். இருந்தும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் திருத்தினாள். சவுனா சூடானதும் தகவல் அனுப்பும் வசதியையும் சேர்த்தாள்.

சனிக்கிழமை காலை, அதைத் தன் போனுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்க நினைத்தாள். பசியில் வாயில் வந்ததை எழுதினாள்: 'சவுனா சூடு! எல்லாருக்கும் சாசேஜ்!'

அவள் போன் மணியடித்தது. சமையலறையில் இல்போவின் போனும் அடித்தது.

"எனக்கும் உண்டா?" என்று குரல் கொடுத்தான்.

"ஐயோ, எல்லாருக்கும் போயிடுச்சு!"

'மன்னிக்கவும், இது சோதனை' என்று உடனே இன்னொன்று அனுப்பினாள். அதற்குள் முதல் பதில் வந்துவிட்டது: 'கிளம்பிட்டோம்.'

இருவரும் கடையில் கிடைத்த சாசேஜையெல்லாம் அள்ளிக்கொண்டு ஏரிக்கு ஓடினார்கள். கரையில் திருவிழாக் கூட்டம். ஏதோ நாலு பேர்தான் ஆப்பை வைத்திருப்பார்கள் என்று எண்ணியிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தெர்த்து விறகை மூட்டிவிட்டு இடுக்கியோடு காத்திருந்தாள்.

"அக்கா, அது தப்பா போயிடுச்சு. சோதனைக்குன்னு..."

"சோதனை கிடக்கட்டும். தொட்டுக்கக் கடுகு விழுது கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். உங்க போன்லயும் ஆப் இருக்கா?"

"தலைவிக்கு இல்லாமயா? எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கு. பெருசாக்கு."

"சூடு எத்தன டிகிரின்னும் காட்டுமா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"குழியில பனி மூடியிருந்தா அதையும் சொல்லணும்" என்றது இன்னொரு குரல்.

ஆளுக்கொன்று கேட்டார்கள். சைலா வாய் நிறைய சாசேஜோடு தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் செய்ய அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் எங்கே தொடங்குவது என்பது தெரிந்திருந்தது.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. முதல்ல ஒரு முங்கு போட்டுட்டு வரேன்" என்று அங்கியை இல்போவின் கையில் எறிந்துவிட்டு, குழியை நோக்கி ஓடினாள்.