கிளெமன்ட் ரஸ்க்கின் கோப்புறைகள்

கிளெமன்ட் ரஸ்க் கையை உயர்த்தியதும் வகுப்பில் இருந்த மற்ற பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தோம். ஏழு வாரங்களில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"மிஸ், இந்த மாதிரி ஃபோல்டர் எத்தனை வெச்சுக்கலாம்?"

ஆசிரியை ஹால்வர்சனுக்குப் புரியவில்லை. "எத்தனைன்னா?"

"ஆளுக்கு இவ்வளவுதான்னு கணக்கு உண்டா?"

"அப்படி ஒண்ணும் இல்ல. எத்தனை வேணா போடுங்க. ஒண்ணுக்குள்ள இன்னொண்ணுகூடப் போடலாம்."

"யார்கிட்ட கேட்கணும்?"

"யார்கிட்டயும் கேட்க வேண்டாம், மிஸ்டர் ரஸ்க்."

முதலில் சிரித்தது நான்தான். மற்றவர்கள் தொடர்ந்து சிரித்தார்கள். அவர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இருபத்து மூன்று வயதில் சிறைக்கு வந்தவர். இப்போது ஐம்பத்து நான்கு. முப்பத்தோரு வருடமாக அவருக்குச் சொந்தமானதெல்லாம் கட்டிலுக்கடியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்க வேண்டும். மூடி பொருந்தாவிட்டால் மிஞ்சியது குப்பைக்குப் போகும். அது எங்கள் எல்லோருக்கும் உள்ள விதிதான். ஆனால் எனக்கு அது பதினோரு வருடம். அவர் வெளியே பெட்டி இல்லாமல் வாழ்ந்ததைவிட உள்ளே பெட்டியோடு வாழ்ந்ததுதான் அதிகம். இணையம் என்ற ஒன்று உலகத்துக்கு வந்ததை அவர் தொலைக்காட்சி விளம்பரங்களில் மட்டும் பார்த்திருந்தார்.

எங்கள் வகுப்பிலும் இணையம் கிடையாது. கணினிகளிலிருந்து புறப்படும் கம்பிகள் அந்த அறையின் சுவரோடு முடிந்துவிடும். தேவையானதை ஹால்வர்சன் ஒரு குறுந்தகட்டில் கொண்டுவருவார், அதை இரண்டு பேர் சோதித்த பிறகுதான் எங்களிடம் வரும். நாங்கள் பார்க்கவே முடியாத ஒரு வலைக்காக நாங்கள் செயலிகள் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதியதை ஊருக்குக் காட்டும் முன் நம் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க ஒரு சிறு சர்வர் உண்டு. திரையில் திறக்கும் கறுப்பு ஜன்னலில் ஒரு கட்டளை அடித்தால் அது எழுந்து நிற்கும்; பிரௌசரில் அதன் முகவரியைக் கொடுத்தால் பக்கத்தை எடுத்து நீட்டும். வெளியே இருப்பவர்களுக்கு அது வேலையின் முதல் படி. எங்களுக்கு அதுவே மொத்த இணையம்.

கிளெமன்ட் பத்தொன்பது வருடமாகச் சிறை நூலகத்தில் புத்தக வண்டி தள்ளுகிறவர். ஒருவன் சீட்டில் எழுதிக் கேட்கும் புத்தகம் அவன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். தனிக்கொட்டடியில் இருப்பவனுக்கு ஒரு மாதம். புத்தகம் போய்ச் சேரும்போது பல தடவை அந்த ஆளை வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள். அதற்காகத்தான் அவர் ஒரு செயலி எழுத முயன்றார். இரண்டே விரலால் தட்டுவார். அவருடைய நூற்று நாற்பத்து மூன்று கோப்புகளும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. 'புதியது', 'புதியது இரண்டு', 'சரியான புதியது', 'இதுதான்' என்று பெயர்கள். எதைத் திறக்கச் சொன்னாலும் சர்வர் வேறெதையோ திறந்து, சிவப்பு எழுத்தில் முறையிட்டுவிட்டு நின்றுவிடும். முதலில் கோப்புகளை வகை பிரியுங்கள் என்று ஹால்வர்சன் சொன்னபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அடுத்த நான்கு நாட்கள் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. கோப்புறைகள் போட்டுக்கொண்டிருந்தார். பக்கங்களுக்கு ஒன்று, அதற்குள் கேட்பதற்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று. படங்களுக்குத் தனி. புத்தகங்களுக்குத் தனி, அதற்குள் வகைவாரியாக உள்ளறைகள். ஒரு கோப்பை எடுப்பார், திறந்து கடைசி வரை படிப்பார், நல்ல பெயர் வைப்பார், உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பார். பிறகு வைத்த இடத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுவார்.

"என்ன பெரியவரே, வீடு கட்டி முடிச்சாச்சா?" என்றேன்.

"சமையலறை பாக்கி இருக்கு, டெஸ்."

ஐந்தாம் நாள், ஒரு புதன்கிழமை காலை, கட்டளையை அடித்தார். கறுப்பு ஜன்னலில் மூன்று வெள்ளை வரிகள் வந்து நின்றன. சிவப்பு வரவில்லை. பிரௌசரில் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டினார். மேலே ஒரு நீலப் பட்டை, கீழே 'உங்களுக்கு எந்தப் புத்தகம் வேண்டும்?' என்ற கேள்வி, ஒரு கட்டம், ஒரு பொத்தான். அவ்வளவுதான் பக்கம். அவர் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது இப்ப எங்க இருக்கு மிஸ்?"

"உங்க கம்ப்யூட்டர்லதான்."

"நான் கூப்பிட்டேன், வந்துடுச்சு."

"ஆமா. நீங்க கூப்பிட்டீங்க."

பக்கத்தை மூடினார். மறுபடி முகவரியைத் தட்டினார். மறுபடியும் வந்தது. எட்டோ ஒன்பதோ தடவை அப்படிச் செய்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் வந்ததை நான் அதற்கு முன் ஒரு வளர்ந்த மனிதரின் முகத்தில் கண்டதில்லை. ஒரு மாதத்துக்கு முன் என்னுடைய முதல் பக்கம் திறந்தபோது நான் கொட்டாவி விட்டது ஞாபகம் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிறை சூப்பிரண்டெண்ட் வருவதாக இருந்தது. எங்கள் பன்னிரண்டு செயலிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சிறைக்குள் உண்மையிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். அதை எழுதியவன் அடுத்த வகுப்புக்கு உதவி ஆசிரியன். வசந்த காலத்தில் என் பரோல் விசாரணை. விசாரணைக்குப் போகும் காகிதத்தில் 'உதவி ஆசிரியர்' என்று ஒரு வரி இருந்தால் அதன் எடையே வேறு. சமையலறை வேலைப் பங்கீட்டுக்கு நான் எழுதிய செயலிதான் முதல் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை வரை.

வியாழன் பிற்பகல் அவர் சர்வரை நிறுத்திவிட்டு மருந்து வரிசைக்குப் போனார். திரையைப் பூட்ட மறந்துவிட்டார். நான் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. புத்தகப் பட்டியல் இருந்த கோப்பை அதன் இடத்திலிருந்து எடுத்து, படங்களுக்கான கோப்புறையில் இரண்டு அடுக்கு உள்ளே இருந்த ஒன்றில் போட்டேன். அழிக்கவில்லை. அழிக்காததால் அது விளையாட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை என்னுடையது தடங்கலின்றி ஓடியது. சூப்பிரண்டெண்ட் தலையசைத்தார். அடுத்து கிளெமன்ட். கட்டளையை அடித்தார். சிவப்பு எழுத்துகள் ஜன்னலை நிறைத்தன.

கதவருகே நின்ற காவலர் லுஜான் கடிகாரத்தைப் பார்த்தார். உதவுவதற்காக ஹால்வர்சன் குனிந்தபோது கிளெமன்ட் உள்ளங்கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் மிஸ். அது என்னமோ சொல்லுது."

சிவப்பு வரிகளை வாய்விட்டுப் படித்தார். நாங்கள் அவற்றைப் படிப்பதே இல்லை. கண்டதும் சபிப்போம், அழிப்போம், வேறெதையாவது அடிப்போம். அவர் எழுத்துக் கூட்டி, யாருக்கோ வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவதுபோலப் படித்தார்.

"பட்டியலைக் காணோமாம்," என்றார்.

பிறகு கோப்புறைகளைத் திறக்க ஆரம்பித்தார். தேடும் வசதி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வாசலில் தொடங்கி வரிசையாகப் போனார். "இங்க ஒம்பது இருக்கணும். எட்டு இருக்கு." அடுத்தது. "இங்க ஆறு. சரி." அடுத்தது. "பதினாலு. சரி." ஒவ்வொன்றிலும் எத்தனை, எந்த வரிசையில், என்ன பெயரில் என்று நூற்று நாற்பத்து மூன்றும் அந்த மனிதரின் தலைக்குள் இருந்தன. வகுப்பிலேயே வேகமாகத் தட்டுகிறவன் நான். என் செயலியில் எத்தனை கோப்புகள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"இங்க நாலு இருக்கணும்," என்றார். "அஞ்சு இருக்கு."

அதை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். கட்டளை அடித்தார். நீலப் பட்டை வந்தது.

"மன்னிக்கணும் சார்," என்று சூப்பிரண்டெண்டைப் பார்த்துச் சொன்னார். "ஒரு ஃபைல் எடம் மாறிப் போச்சு."

சூப்பிரண்டெண்ட் கட்டத்தில் ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. போகும்போது கிளெமன்டின் பெயரை ஹால்வர்சனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தலை எண்ணுவதற்காகக் கொட்டடிக்குத் திரும்பும் வரிசையில் நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். முற்றத்தில் பனி உறைந்து கிடந்தது. வேலிக்கு அப்பால் கோதுமை வயல்கள் வெள்ளையாக நீண்டிருந்தன.

"பெரியவரே. அது நான்தான்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"நாற்காலியோட உயரத்தை எறக்கி வெச்சுட்டுப் போயிருந்த. அத்தனை குட்டையா இந்த வகுப்புல நீ ஒருத்தன்தான். நேத்தே பார்த்திருப்பேன், மருந்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க."

"அப்போ ஏன் அவங்க முன்னாடி சொல்லல?"

நடந்துகொண்டே சொன்னார். "அழிச்சிருக்கலாம் நீ. அழிக்கல. எடுத்து வேற எடத்துல வெச்ச." இன்னும் கொஞ்சம் நடந்தார். "படங்களோட கொண்டுபோய் வெச்ச பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவர் தோள்கள் லேசாகக் குலுங்கின. சிரிக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

மூன்று வாரம் கழித்து கிளெமன்டின் செயலிக்குச் சோதனை ஓட்டம். எங்கள் அறையிலிருந்து முதன்முதலாக ஒரு கம்பி சுவரைத் தாண்டி வெளியே போனது, முற்றத்தின் அடுத்த கோடியில் இருந்த தனிக்கொட்டடிக் கட்டடம் வரை. அங்கே ஒரு கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து, கதவு கதவாக லுஜான் தள்ளிக்கொண்டு போவார். கதவில் சாப்பாடு கொடுக்கும் திறப்பு வழியாக உள்ளே இருப்பவன் கையை நீட்டித் தட்டலாம். நாளில் இருபத்து மூன்று மணி நேரம் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவர்கள்.

நாங்கள் கிளெமன்டின் முதுகுக்குப் பின்னால் கூடி நின்றோம். யாராவது பக்கத்தைத் திறந்தால் கறுப்பு ஜன்னலில் ஒரு வரி விழும். நேரமும், திறந்த பக்கத்தின் பெயரும். ஆளின் பெயர் வராது. பத்தே கால் ஆனது. பத்தரை ஆனது.

"வண்டி போய்ச் சேரணும்ல," என்றார் ஹால்வர்சன்.

பத்து நாற்பத்தொன்றுக்கு ஒரு வரி விழுந்தது. முதல் பக்கம்.

பிறகு இன்னொரு வரி. பட்டியல். பிறகு பட்டியலின் இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நான்காம் பக்கம். அவன் எதையும் கேட்கவில்லை. புத்தகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"யாருங்க அது?" என்றேன்.

"தெரியாது," என்றார் கிளெமன்ட். "அவசரப்படுத்தாதீங்க. நல்லா சுத்திப் பாக்கட்டும்."

தலை எண்ணுவதற்கான மணி அடித்தது. கதவருகே இருந்த வேறொரு காவலர் எங்களைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், எங்களை வரிசைக்குக் கூப்பிடாமல் அங்கேயே நின்றார். பதினேழாம் பக்கம். பதினெட்டாம் பக்கம். கிளெமன்ட் சத்தம் வராமல் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார், குறுகலான நடைபாதையில் எதிரே வருகிற ஒருவருக்கு வழிவிடுவதுபோல.