இன்னார் என்று சொல்ல வேண்டிய இடம்

அந்தப் பொம்மைக்கு ஒரு கண் திறக்காது. எங்கள் இறையியல் கல்லூரியில் எத்தனையோ பேர் அதற்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பழகிக் குருவானவர்களாகப் போய்விட்டார்கள். இத்தனை முறை ஞானஸ்நானம் வாங்கியும் திருந்தாத ஜென்மம் என்று மாணவர்கள் அதைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் நான் நடத்தும் ஆராதனை வகுப்பில் இரண்டு விஷயங்களில் மட்டும் பிடித்த பிடியை விட மாட்டேன். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது. பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் "இன்னார்" என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரும் பெயரும் வந்துவிட்டால் அது ஒத்திகை இல்லை. கடவுளை வைத்து விளையாட எனக்குத் துணிச்சல் கிடையாது.

அன்று செய்முறைத் தேர்வு. கடைசியாகக் கண்டக்டரின் முறை. இங்கே வருவதற்கு முன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் என்பதால் அந்தப் பெயர். வகுப்பில் கல்யாணமானவர் அவர் ஒருவர்தான். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. "வேதம் வாசிக்கிறீங்களா, ஸ்டாப்பிங் சொல்றீங்களா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். போன மாதம் அவர் மனைவிக்குப் பிரசவம். பெண் குழந்தை, இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த குருவானவரிடம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். வந்தவர் என் பழைய மாணவர். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் ஞானஸ்நானம், பிள்ளையை ஆண்டவர் கையில் ஒப்படைத்து ஜெபிப்போம் என்று, நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறார். பாடம் சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதைச் சொல்லிவிட்டு வந்த அந்த மாணவர் எனக்குப் போன் செய்து அழுதார்.

தேர்வு தொடங்குமுன் கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு இது வேண்டாம். அடுத்த வாரம் திருவிருந்து ஆராதனை நடத்திக் காட்டுங்க, அதுக்கே மார்க் போட்டுடறேன்."

"இல்லைங்க ஐயா. நாளைக்கு ஒருத்தர் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினா எனக்குக் கை நடுங்கக் கூடாது இல்லையா?" தரையைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். "பேர்கூட வைக்காம அனுப்பிட்டோமேன்னு வீட்டுல அவ தினமும் அழுறாங்கய்யா."

அவரை முன்னே போய் நிற்கச் சொன்னேன்.

தாயாக நின்ற மாணவி பொம்மையை நீட்டினாள். மற்றவர்களெல்லாம் அதைத் துணி மூட்டை போலத்தான் வாங்குவார்கள். இவர் தலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து வாங்கினார். "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று முறைப்படி கேட்டார். "இன்னார்" என்றாள் அவள். அவர் வெறும் கிண்ணத்தில் கையை விட்டார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். கணவனும் மனைவியும் எத்தனை நாள் பேசிப் பேசிக் கண்டெடுத்ததோ. பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போகும் குரல் முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நிறுத்துங்க" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. கிண்ணத்தைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே…" வெறுங்கையால் மூன்று முறை தலையைத் தொட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நனையாத அந்தத் தலையை மெல்லத் துடைத்துவிட்டார். சபையாக எழுந்து நின்ற நாங்கள் இப்போது ஆமென் சொல்ல வேண்டும். ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. ஆமென் சொன்னால் நடந்ததற்கு நாமும் சாட்சி என்று அர்த்தம் என்று அதே அறையில் பாடம் நடத்தியவன் நான். 

"ஆமென்" என்றேன்.

அடுத்தது பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கும் கட்டம். அந்த மாணவி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் அசையவில்லை.

"குடுங்கண்ணா" என்றாள் அவள், அழுதுகொண்டே.

வெளியே மணி அடித்தது. அடுத்த வகுப்புக்காரர்கள் சளசளவென்று பேசிக்கொண்டு வந்து, வாசலில் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். குருவானவர் கை காட்டினால்தான் சபை உட்கார வேண்டும். அவருடைய இரண்டு கைகளிலும் பிள்ளை இருந்தது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.