ஹாரனோடு வெட்டிய பேச்சு

"வெட்டின மூச்செல்லாம் எங்க போகும்மா?"

ஆறு வயதில் மகள் இப்படி ஒரு கேள்வி கேட்டாள். அம்மா மேசை முன் உட்கார்ந்து, யாரோ ஒரு பெண்ணின் பேச்சைக் கணினியில் ஓடவிட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவள் இழுத்த மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். திரையில் பச்சைக் கோடுகள் மேடும் பள்ளமுமாக ஓடின. அம்மா சிரித்துவிட்டாள். குப்பைக்குத்தான் போகும் என்றாள். பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கேள்வியைச் சொல்லிப் பூரித்துப்போனாள். கேட்டவர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். குழந்தைக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த அம்மாவை வீட்டில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் தூக்கத்தில்கூட வாய் மூடமாட்டாள் என்று அண்ணன் வைத்த பெயர். வளர்ந்து, கல்யாணமாகி, பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பெண்களோடு பேசிப் பதிவுசெய்து இணையத்தில் பாட்காஸ்ட் போட ஆரம்பித்தபோது, அந்தப் பெயர் அளவெடுத்துத் தைத்தது போல அவளுக்குப் பொருந்திவிட்டது. "இத்தனை நாள் நாங்க உன்ன கேட்டோம். இனிமே நீ மத்தவங்கள கேளு, வீடு கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்று அண்ணன் வாழ்த்தினான்.

அவள் நன்றாகவே கேட்டாள். நாடகம் போடுகிறவள், பேருந்து ஓட்டிக்கொண்டே கவிதை எழுதுகிறவள், ஆற்றில் சாயக்கழிவு கலப்பதை எதிர்த்து வழக்குப் போட்ட செவிலி என்று எத்தனையோ பேர் அவள் வீட்டு மாடி அறைக்கு வந்து மனம்விட்டுப் பேசினார்கள். வெளிச்சத்தம் வராமலிருக்கச் சன்னல்களில் கம்பளி தொங்கும் சின்ன அறை. ஒவ்வொரு தடவையும் ஒலிவாங்கியை இயக்குவதற்கு முன்னால் அவள் கண்ணை மூடி, "இறைவா, என் வாயில பொய் வராம பார்த்துக்கோ" என்று வேண்டிக்கொள்வாள். வாயில் வரவில்லை. அது கை வழியாக வந்தது.

போஸ்டர்க்காரி அந்த அறைக்கு வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். வாடகைக்கு இருக்கிற ஏழைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் தெருவில் நிறுத்துகிற வீட்டுக்காரர்களை எதிர்த்துப் படம் வரைந்து சுவர் சுவராக ஒட்டுகிறவள். போஸ்டர்க்காரி என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். ஐம்பதைத் தாண்டியவள். நக இடுக்கில் எப்போதும் வண்ணம் இருக்கும். உட்கார்ந்ததுமே ஒலிவாங்கியைப் பார்த்து, "இது என்ன, தலைக்குக் குல்லாய் போட்ட கரண்டி மாதிரி இருக்கு" என்றாள். ரேடியோவுக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது.

பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பியபோது போஸ்டர்க்காரி சொன்னாள்: "என் படத்த முதல்ல கிழிச்சது போலீஸ் இல்லம்மா. எங்க அக்காதான். கிழிச்சு அடுப்புல போட்டா."

ரேடியோவுக்கு உடம்பு சிலிர்த்தது. தூண்டில் கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளியது. நிகழ்ச்சி வெளிவருவதற்கு முன்னால், கேட்டவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும்படி அரை நிமிடத் துண்டு ஒன்றைத் தனியாக வெளியிடுவார்கள். அதற்கு அவள் வைத்த பெயர்தான் தூண்டில். போஸ்டர்க்காரி மேலே பேசிக்கொண்டே போனாள். கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துப் போனது. ரேடியோவின் மனம் அப்போதே வெட்டத் தொடங்கியிருந்தது.

துண்டு வெளியானது. 'முதல் எதிரி வீட்டுக்குள்' என்று அவளே தலைப்புக் கொடுத்தாள். கைபேசிக்குக் கைபேசி அது தாவியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அந்த அக்காவைத் திட்டினார்கள். இவள் நிகழ்ச்சிக்கு அதற்கு முன் அவ்வளவு பேர் வந்ததில்லை.

சில மாதம் கழித்து, வந்து பேசிய பெண்களையெல்லாம் ஒரே மேடையில் உட்கார வைத்து விழா நடத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. முதலில் போஸ்டர்க்காரியைத்தான் அழைத்தாள். அவள் தேதியைக் கேட்டாள். அன்றைக்கு அக்கா மகளுக்குக் கல்யாணம் என்றாள்.

"அப்ப உங்களுக்குத் தலைக்கு மேல வேலை இருக்கும்."

"எனக்குச் சொல்லலம்மா" என்றாள் போஸ்டர்க்காரி. "தூக்கி வளர்த்த பொண்ணு. அன்னிக்கு மேடையில வந்து உட்கார்ந்து சிரிக்க முடியாது. வீட்லயே இருந்துக்கறேனே."

ரேடியோ துருவித் துருவிக் கேட்டதில் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கல்யாணப் பெண் வேலை செய்கிற இடத்தில் யாரோ அந்தத் துண்டைப் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் அது போய்விட்டது. உங்கம்மா அப்படிப்பட்டவங்களா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தங்கை கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

"மீதியும் சொன்னேனேம்மா அன்னிக்கு" என்றாள் போஸ்டர்க்காரி. "அது ஏன் முழு நிகழ்ச்சியிலகூட வரலன்னு கேக்கணும்னு இருந்தேன். உங்களுக்கு என்ன சங்கடமோன்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. ஏதாவது திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ரேடியோ வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்: "அது வந்துங்க, அந்த நேரம் பார்த்து லாரி ஹாரன் அடிச்சுதுல்ல. அந்த இடம் பூராவும் கெட்டுப்போச்சு."

"அதானே" என்றாள் போஸ்டர்க்காரி. "நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

போனை வைத்த பிறகு ரேடியோ வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்து, காலணியைக் கழற்றி எறிந்து, ஏதோ கேட்டுவிட்டுப் போனாள். காதில் விழவில்லை. பிறகு மாடியேறி, அந்த நாளின் முழுப் பதிவையும் தேடி எடுத்து ஓடவிட்டாள்.

ஹாரன் அடித்தது. அதில் மறைந்தது ஒரே ஒரு சொல். மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது.

பதின்மூன்று வயதில் தங்கை, அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைக் கேலிப்படம் வரைந்து அவர் வாசல் கதவிலேயே ஒட்டிவிட்டாள். அக்கா ஓடிப்போய் அதைக் கிழித்துக்கொண்டு வந்து அடுப்பில் போட்டாள். அதற்குள் யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஆளோடு வந்து நின்றபோது அக்கா முன்னால் போய், நான்தான் வரைந்தேன் என்றாள். அந்த வீட்டுக்காரரின் கிடங்கில்தான் அவளுக்கு வேலை. அன்றே போய்விட்டது. அதற்குப் பிறகு போஸ்டர்க்காரியின் குரல் தழுதழுத்துக் கேட்டது: "அவ எனக்காகத்தாம்மா கிழிச்சா. எனக்காகவே மாட்டிக்கிட்டா. ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்ல. இன்னிக்கு எல்லாரும் என்னைத் தைரியசாலிங்கறாங்க. அந்தத் தைரியம் யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

வெட்டும்போதும் அவள் இதைக் கேட்டிருந்தாள். கேட்டுவிட்டுத்தான் வெட்டினாள். அந்த அக்கா நல்லவளாகிவிட்டால் தலைப்பு நிற்காது, தூண்டிலில் முள் இருக்காது. ஹாரன் ஒரு சாக்கு. இன்று அந்தச் சாக்கைப் பொய்யாக்கி, நம்புகிறவளிடமே விற்றுவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணை மூடி வேண்டப் பார்த்தாள். தினமும் வேண்டுகிற அந்த ஒரு வரி வாய்க்கு வரவேயில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். மருந்துக்கடைக்காரன். எதற்கும் கையோடு ஒரு மருந்து வைத்திருப்பவன். "மன்னிப்புக் கேட்டு ஒரு எபிசோட் போட்டுடு. உன்ன மாதிரி ஆளு மன்னிப்புக் கேட்டா நல்லா பரவும்" என்றான்.

அவன் வெள்ளந்தியாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் மாடியிலிருந்து இறங்கி வரும்போதே அந்த எபிசோடின் முதல் வரியை அவள் யோசித்து வைத்திருந்தாள். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்றுகூட. தட்டில் இருந்ததைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்துபோய்க் கை கழுவினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தத் துண்டை இணையத்திலிருந்து நீக்கினாள். வெட்டிய பகுதியை ஹாரனோடு சேர்த்து நிகழ்ச்சியில் திரும்ப ஒட்டினாள். தலைப்பையும் மாற்றினாள். யாருக்கும் அறிவிக்கவில்லை. பிறகு போஸ்டர்க்காரியைக் கூப்பிட்டு, ஹாரனால் இல்லை, நான்தான் வேண்டுமென்றே வெட்டினேன், நேற்றுச் சொன்னதும் பொய் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் வியர்த்துவிட்டாள்.

"தெரியும்மா" என்றாள் போஸ்டர்க்காரி.

"தெரியுமா?"

"நானும் வரையறவதானே. வீட்டுக்காரனுக்குப் பேரப்புள்ள இருக்கும், அதோட சிரிச்சு விளையாடுவான். நான் அதயா வரையறேன்? அவன் பல்ல மட்டும்தான் வரைவேன். எதை விட்டா எது எடுப்பா தெரியும்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தும் நேற்று "அதானே" என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறவள் முகம் வாடக்கூடாது என்று. ரேடியோ அந்த இடத்திலேயே கூனிக்குறுகிப் போனாள். உங்க அக்கா இப்போது முழுசாகக் கேட்பார்களா என்று கேட்டாள். அக்காவுக்கு அதெல்லாம் போட்டுக் கேட்கத் தெரியாது, அவள் பெண்ணும் இனி அந்த நிகழ்ச்சிப் பக்கம் போகமாட்டாள் என்றாள் தங்கை. அக்கா வேலை செய்வது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் என்றும் சொன்னாள். ரேடியோ அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வீட்டில் கிடந்த பழைய கைபேசி ஒன்றில் அந்தப் பேச்சை முழுசாக ஏற்றி, காதில் மாட்டுகிற ஒயரையும் எடுத்துக்கொண்டு, அன்று பிற்பகலே போனாள்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்தது. உள்ளே சூடான சோப்பு வாசனை. ஆளுயர உலர்த்தும் இயந்திரங்கள் ஓய்ந்து நின்றன. நீள மேசையின் மேல் வெள்ளை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. மேசைக்குப் பின்னால் ஒரே ஒரு பெண். நிற்கிற விதத்தில் தங்கையின் சாயல். தங்கையிடம் இருந்த சிரிப்பு மட்டும் இல்லை.

"துணி வாங்கற இடம் முன்பக்கம்" என்றாள், நிமிராமல்.

ரேடியோ தான் யார் என்று சொன்னாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் உதவவில்லை. "உங்க தங்கச்சி பேசினத பாதியில வெட்டினவ நான்தாங்க" என்றாள்.

அக்காவின் கை நின்றது. பிறகு விரிப்பை உதறி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

"அவங்க முழுசா என்ன சொன்னாங்கன்னு இதுல இருக்கு. ஒரு தடவ கேட்டுடுங்க."

"ஊரே கேட்டுச்சு. என் சம்பந்தியம்மா கேட்டாங்க. இப்ப எனக்கு மட்டும் தனியா வந்து போட்டுக் காட்டறீங்க."

"ஊருக்கும் போட்டுட்டேங்க. ஆனா ஊரு திரும்ப வந்து கேக்காது. அது எனக்கு நல்லா தெரியும். அதுக்கு என்கிட்ட வழி இல்ல."

இதற்கு அக்கா என்ன நினைத்தாளோ, முதல் முறையாக அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "இவ்வளவும் வார்டுக்குப் போகணும். உட்கார்ந்து கதை கேக்க எனக்கு ஏது நேரம்?"

"நான் மடிக்கிறேன்."

"உங்களுக்கு வராது."

"வரலன்னா நீங்க வந்து பிரிச்சு மடிங்க."

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். மன்னிப்பு என்ற சொல் ரேடியோவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். அதைக் கேட்டுவிட்டால் எதிரில் நிற்கிறவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றுவானேன் என்று கைபேசியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். ஒயரைக் காதில் எப்படி மாட்டுவது என்று ரேடியோ காட்டிக்கொடுத்தாள். தள்ளுவண்டிகள் நிற்கிற பக்கத்து அறைக்குள் போய் அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரேடியோ மடித்தாள். முதல் விரிப்பு கோணலாக வந்தது. பிரித்துத் திரும்ப மடித்தாள். தனி ஆளாக நீள விரிப்பை மடிக்க, ஒரு நுனியை மோவாயில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. யார் யாரோ படுத்து எழுந்த துணி. எத்தனை வெளுத்தும் சிலவற்றில் பழைய கறை தேய்ந்து நின்றது. தோள் வலித்தது.

அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டிய நேரமும் தாண்டிப் போயிற்று. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. தன் போனில் யாரையோ கூப்பிட்டிருந்தாள்.

"ஏய், அக்காதான்" என்றாள். அவ்வளவு சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது.

கதவு மெல்லிய தகரம். அடுத்த சொல்லும் அதற்கு அடுத்ததும் தெளிவாக வரப்போகிறது என்பது ரேடியோவுக்குத் தெரிந்தது. இப்படி ஒரு பேச்சுக்காக அவள் தொழிலில் இருக்கிறவர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அவள் உடம்பு முழுவதும் தன்னை அறியாமல் காதாகிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று போய், உலர்த்தும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். காலி இயந்திரம் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

மேசை வெறுமையாகும்வரை மடித்தாள். அடுக்கை வண்டியில் ஏற்றி, சரியாமல் இருக்கக் கையால் அழுத்தி வைத்தாள். கதவு இன்னும் சாத்தியே இருந்தது. பழைய கைபேசியைத் திருப்பிக் கேட்கவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டபடியே, வந்த வழியாக வெளியே போய்விட்டாள்.