இருவர் எழுதிய தீர்ப்பு

ஒருவரோடொருவர் பேசாமல், ஆனால் சேர்ந்து நாடகம் எழுத வேண்டும் என்பதற்காகவே அக்காளும் தம்பியும் அந்த மென்பொருளைத் தேடி வந்தார்கள். தன்மானமுள்ள வேறெந்த நிறுவனமும் இப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு நாற்காலி போட்டிருக்காது. ஆனால் நிரல் எழுதும் அந்தப் பெண் வேலை பார்த்த நிறுவனமோ, இந்த ஒரு விற்பனை கைகூடாவிட்டால் கதவைச் சாத்திவிடும் நிலையில் இருந்தது. ஆகவே நாற்காலி போட்டார்கள். முதுகோடு முதுகாக இரண்டு.

நாடகக் குழு இருவருக்கும் சொந்தம். போன நாடகத்தின் சுவரொட்டியில் யார் பெயர் மேலே வருவது என்பதில் மூண்ட சண்டையோடு பேச்சு நின்றுபோயிற்று. அரங்கேற்றம் நல்லபடியாக நடந்தால் வாங்கிக்கொள்வதாகத் தனித்தனியே வாக்களித்தார்கள்.

மென்பொருளைக் குறை சொல்வதற்கில்லை. நடுவில் ஒரு சர்வர். அக்காள் தன் கைப்பேசியில் ஒரு வரி எழுதினால், அது சர்வருக்குப் போய் மறுகணமே தம்பியின் கைப்பேசியில் தோன்றும். தம்பி அதை அழித்தால் அக்காளிடத்தும் அழியும். மேடையில் நடிகர் மட்டும் பார்க்கும்படி மறைத்து வைத்த சின்னத் திரையிலும் அதே வரிகள் ஓடும். வசனத்தை மனப்பாடம் செய்யாமல் மேடையேறுவதற்குத் துணிச்சல் என்று பெயரில்லை. ஆயினும் நீதிபதி வேடமேற்ற மருந்துக்கடைக்காரர், இந்த வசதியைக் கேள்விப்பட்ட அன்றே தம் வசனத் தாள்களை மாத்திரை மடிக்கக் கொடுத்துவிட்டார்.

திரை விலகுமுன் எழுத்தை நிறுத்துவதற்கு அந்தப் பெண் ஒரு பூட்டு வைத்திருந்தாள். அழுத்தியவர் அதற்குமேல் எழுத முடியாது. இருவரும் அழுத்தினால் நாடகம் பூட்டிக்கொள்ளும். நியாயமான ஏற்பாடு என்று அவள் நம்பினாள். கடைசியாக அழுத்துபவருக்கே கடைசி வார்த்தை என்பதை அவளுக்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மேடையின் இடப்பக்கம் நின்ற அக்காளிடம் போனாள்.

“அம்மா, நேரமாச்சு. பூட்டை அழுத்திடுங்க.”

“அவன் அழுத்திட்டானா?”

“இன்னும் இல்ல.”

“அவன் முதல்ல அழுத்தட்டும். பெரியவ நான் காத்துக்கிட்டு நிக்கிறேன்னு சொல்லு.”

வலப்பக்கம் ஓடினாள். தம்பி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பெரியவங்கன்னா அவங்களே முதல்ல அழுத்தட்டுமே! எதுலயும் முதலிடம் கேக்கறவங்கதானே?”

அதற்குள் திரை விலகிவிட்டது.

நாடகத்தில், அக்காளை ஏமாற்றி வீட்டைவிட்டு விரட்டிய ஒரு தம்பியின்மேல் வழக்கு. அவனுக்குச் சிறை என்று அக்காள் எழுதியிருந்தாள்; விடுதலை என்று தம்பி எழுதியிருந்தான். முதற்காட்சிகள் ஒருவாறு கழிந்தன. தீர்ப்புக் காட்சி வந்தது. மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தம் மேசைக்குள் பதித்த திரையைப் பார்த்து முழங்கினார்:

“சாட்சியங்களை ஆராய்ந்ததில், இவன் குற்றவாளி என்று இந்நீதிமன்றம் கருத… இடமில்லை. எனவே இவனுக்கு ஏழாண்டுச் சிறை. அச்சிறையிலிருந்து உடனே விடுதலை. விடுதலைக்குப் பிறகு மீண்டும் சிறை.”

காவலர் வேடம் போட்டவர் விலங்கை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். அரங்கில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். சோக நாடகத்தில் முதற்சிரிப்பு அணையில் விழுந்த விரிசல்போல, பிறகு நிற்காது.

அக்காள் வசனம் எழுதுவதைக் கைவிட்டு நேரே தம்பிக்கே எழுதத் தொடங்கினாள். சர்வருக்கு வசனமும் ஒன்றுதான், வசவும் ஒன்றுதான். நீதிபதி சற்றும் குரல் தாழாமல் வாசித்தார்:

“டேய், இன்னொரு வாட்டி என் வரியில கை வச்சே, விரலை ஒடிச்சிடுவேன்.”

பொறுக்க முடியாமல் தம்பியும் எழுதினான். நீதிபதி அதையும் வாசித்தார்:

“இந்த மிரட்டலெல்லாம் மாமாகிட்ட வச்சுக்க. பாவம், அவர்தான் பயப்படுவார்.”

முன்வரிசையில் இருந்த அந்த மாமா, அக்காளின் கணவர், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நிறுவனத்தின் மேலாளர் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, “ஏதாவது பண்ணும்மா! கம்பெனியே போயிடும்!” என்று பல்லைக் கடித்தார்.

அக்காளைப் பூட்டினால் அக்காளின் பாதி விற்பனை போகும். தம்பியைப் பூட்டினால் தம்பியின் பாதி. விட்டுவைத்தால் முழுவதும் போகும். அவள் யாருடைய பக்கமும் சாயாமல் சர்வரையே நிறுத்தினாள்.

மேடையில் எழுத்துகள் மறைந்தன. மருந்துக்கடைக்காரர் மேசைக்குள் குனிந்து தேடினார். அப்போது, சர்வர் கிடைக்காதபோது தோன்றும் என்று அவளே எழுதி வைத்திருந்த அறிவிப்பு திரையில் வந்தது. மூழ்குகிறவர் கையில் கிடைத்த கட்டையாக அவர் அதைப் பற்றிக்கொண்டார்:

“இணைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டது. இருவரும் சிறிது நேரம் கழித்து மீண்டும் முயற்சி செய்யவும்!”

சுத்தியலை ஓங்கித் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அக்காள் தம்பி உறவைப் பற்றி இத்தனை ஆழமான தீர்ப்பைக் கேட்டதில்லை என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் அக்காளும் தம்பியும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“கடைசி வரி நான் எழுதினது.”

“பொய் சொல்லாதக்கா! அது என் வரி.”

அந்த வரியை எழுதிய பெண் மெல்ல நழுவினாள். ஒப்பனை அறை வாசலில் அக்காள் அவளை ஓரங்கட்டினாள்.

“வாங்கிக்கிறேன். ஆனா நான் எழுதினதை அவன் அழிக்க முடியாம பண்ணிக் கொடு. அவன் காதுக்குப் போகக் கூடாது.”

படிக்கட்டில் தம்பி வழிமறித்தான்.

“வாங்கிக்கிறேம்மா. நான் எழுதினதுல அக்கா கை வைக்க முடியாதபடி மட்டும் பண்ணிடுங்க. சொல்லிடாதீங்க.”

இருவருக்கும் மேலாளர் அங்கேயே தலையாட்டிக் கைகுலுக்கிவிட்டார்.

“சார், ரெண்டு பேருக்கும் எப்படி சார் சரின்னு சொன்னீங்க? ஒருத்தர் எழுதினதை மத்தவர் தொடாம எப்படிச் சேர்ந்து எழுதறது?”

“நம்ம வேலை தப்பிச்சதா இல்லையா?”

“தப்பிச்சது சார்.”

“அப்ப ஆளுக்கொரு சர்வரா வித்துடு. ரெண்டையும் இணைச்சிடாதே, அது போதும்.”